பாப்பா வரைந்த செம்பருத்தி

படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் படத்தைப் பார்க்க மாட்டான், நான்கு ஓரத்தைத்தான் பார்ப்பான். இருபது வருடம் நானும் அப்படித்தான் பிழைப்பை ஓட்டினேன். ஐயா கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை பூக்கள் வரைவாள். பாப்பா என்று கூப்பிடுவேன். நாற்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. பாடப்புத்தகத்துக்கு வரைகிற மாதிரி இதழை எண்ணி, நரம்பை எண்ணி வரைவாள். குறை சொல்ல முடியாது, ஆனால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கடைச் சுவரில் மாட்டிவைத்தேன். நாள்காட்டி என்று நினைத்துத் தேதி தேடியவர்கள்தான் அதிகம்.

பிறகு அவளுக்குக் கண் மங்கியது. அந்த மங்கலோடு ஒரு செம்பருத்தி வரைந்தாள். காம்பு இல்லை, இலை இல்லை. பரப்பு முழுக்கச் சிவப்பு, நடுவே ஊதாக் குழி, ஓரமெல்லாம் வழியும் மஞ்சள். அப்படி ஒரு பூவை நான் பார்த்ததே இல்லை. சட்டம் போட உட்கார்ந்தவன் அளவெடுக்க மறந்து அழுதேன்.

கண்ணுக்குள் வீக்கம் என்றார் டாக்டர். மூன்று வேளை சொட்டு மருந்து விட்டால் தெளிந்துவிடும், நிறுத்தினால் போன பார்வை திரும்பாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். மருந்து விடுவது என் பொறுப்பு. பத்து நாள் ஒழுங்காக விட்டேன். பதினோராம் நாள் பாப்பா சிரித்துக்கொண்டே ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். ஐந்து இதழ், ஒவ்வொன்றிலும் நரம்பு. எனக்கு உயிரே போய்விட்டது.

அன்றே மருந்தைக் கொட்டிவிட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பினேன். காய்ச்சியதையும் எழுதுங்கள். அவள் கண்ணில் அழுக்குப் படக்கூடாது அல்லவா?

"என்னண்ணா, இப்பல்லாம் மருந்து எரியவே மாட்டேங்குது?"

"நல்ல மருந்து எரியாது பாப்பா. மேல பாரு."

பார்ப்பாள். என்னை நம்பி அண்ணாந்திருக்கும் அந்த முகத்தைக் கண்டு, நாளையோடு நிறுத்திவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். முடியவில்லை. வாரம் ஒரு பூ, முந்தியதைவிடப் பெரிதாக வந்துகொண்டிருந்தது. கை தானாகப் புட்டியை எடுக்கும். நான் என்னதான் செய்வேன், சொல்லுங்கள்.

வலது கண் முதலில் போயிற்று. அதன்பின் வண்ணக் குழாய்களை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் அவள் சிவப்பு கேட்டாள், கறுப்பைக் கொடுத்தேன். படத்துக்கு அதுதான் பொருந்தியது. இப்போது அவள் கேட்பது ஒன்று, நான் கொடுப்பது ஒன்று. வருகிறவர்கள் அவளுடைய துணிச்சலைப் பாராட்டுகிறார்கள்.

டாக்டர் புட்டியை வாங்கிச் சோதித்த கதை உங்களுக்கே தெரியும். இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதாம், இன்றைக்கே சிகிச்சை தொடங்கினால் காப்பாற்றலாமாம். மிகவும் நல்லது. தண்ணீரை ஊற்றியவன் நான்தான், தெரிந்தேதான் ஊற்றினேன். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. சிகிச்சையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிப் பூதான் முடிந்திருக்கிறது.