ஒரு சீவல் நுழையும் இடைவெளி

மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவும் ஒட்டிக்கொள்ளும்தானே, இன்ஸ்பெக்டர்? எங்கள் சாஆ ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் அகலத்தில் பருக்கும். நீளத்தில் அநேகமாக அப்படியே இருக்கும். அதனால்தான் கதவு பக்கவாட்டில் இறுகுகிறது. இதற்காகவே தச்சர்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு காசு நுழையும் அளவு இடம் விடுவார்கள். நான் விட்ட இடத்தில் இழைத்தெடுத்த ஒரு மரச் சீவல்தான் நுழையும்.

என் சீவல் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். இழைப்புளியின் அலகை, பட்டதும் கையிலுள்ள முடி உதிரும்வரை கல்லில் தீட்ட வேண்டும். பிறகு அலகு வெளியே நீட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது. விரல் நுனிக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒரே மூச்சில் தள்ளினால் வெங்காயச் சருகு போல வரும். செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். சிங்கப்பூரில் வீடுகளுக்குக் கதவு மாட்டும் வேலையில் இருந்தபோது, விடுமுறை நாளில் நண்பர்கள் கூடி யாருடையது மெல்லியது என்று பார்ப்போம். அம்மா இறந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவுடன் இருக்க ஆள் வேண்டும்.

அப்பா பெயர் தங்கராஜு. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அதுவும் சீவும் வேலைதான். பட்டையை மெல்லிசாக எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிவிடும். அதனால் என் சீவலைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல கைடா சுகு. மரத்துக்கு வலிச்சிருக்காது" என்பார்.

பிறகு அவருக்கு ஞாபகம் போயிற்று. மழை தூறினால் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பால் வடிய மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் வீணாகிவிடும், அதற்கு முன்னால் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம். "கிராணி ஏசுவாருடா, விடு என்னைய" என்று தோட்டத்துக் குமாஸ்தாவுக்குப் பயந்து கத்துவார். அவர் தேடிய மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகு காலமாகிறது. ஒரு தடவை லாரிக்காரர் ஒருவர் அவரைச் சேற்றோடு கொண்டுவந்து இறக்கினார்.

அவர் அறைக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். ஜோகூர் பாருவிலிருந்து வந்த தங்கை ஷர்மினி அதைப் பார்த்தாள்.

"அண்ணே, அப்பா என்ன ஆடா மாடா? பூட்டாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். பூட்டையும் தாழ்ப்பாளையும் அன்றே கழற்றிப்போட்டேன்.

அதன் பிறகுதான் புதுக் கதவு செய்தேன். அறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். வெளியிலிருந்து நான் தோள் கொடுத்துத் தள்ளலாம். உள்ளேயிருந்து அவர் ஒரு சின்னக் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். பால் வெட்டி வெட்டி அவர் விரல்கள் மடங்கிப் போயிருந்தன. என் தோளுக்கும் அவர் விரலுக்கும் உள்ள வித்தியாசத்தில் கதவு நிற்க வேண்டும். வேறொன்றுமில்லை. ஈரமான நாளாகப் பார்த்து, ஒரு சீவல் எடுப்பேன், அவரை உள்ளே விட்டு மூடுவேன்.

"இழுங்கப்பா."

"வரலியேடா. கதவு என்கிட்ட கோச்சுக்கிச்சு போல."

"இன்னும் கொஞ்சம் இழுங்க."

"சோறு போடாம வேல வாங்குறான் பாரு."

இருவரும் சிரித்தோம். சரியான அளவு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். ஓரங்களுக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. அடித்தால் மரம் குடிக்காது. வெயில் நாளில் ஒரு விரலுக்குத் திறக்கும், மழை வந்தால் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு ரூபேந்திரன் நிலையோரம் விரலை ஓட்டிப் பார்த்து, "அலமாக், காத்துகூட போகாது போல லா" என்றான். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மழை நாளில் அவர் உள்ளேயிருந்து தட்டுவார். நான் கூடத்தில் உட்கார்ந்து அலகு தீட்டுவேன். தட்டுவது நின்ற பிறகுதான் திறப்பேன். இல்லாவிட்டால் தட்டினால் திறக்கும் என்று பழகிவிடுவார்.

வெள்ளம் வந்த வாரம் மழை விடவே இல்லை. அன்று காலை கதவு திறந்திருந்தது. நன்றாக ஊதிப்போய், மூடப் போனால் நிலையில் இடித்தது. ஆறு ஏறுகிறது, எல்லாரும் பள்ளி மண்டபத்துக்குப் போக வேண்டும், லாரி வருகிறது என்று கைப்பேசியில் செய்தி வந்தது. அப்பா வாளியோடு நின்றார்.

எனக்குக் கோபமில்லை. யோசித்துத்தான் பார்த்தேன். பள்ளி மண்டபத்துக்கு எத்தனை வாசல்கள். ஒவ்வொரு மழைக்கும் அவர் ஓட, நான் பிடித்து இழுக்க, எல்லார் முன்னாலும். வெள்ளம் வடிந்த பிறகும் மழை வரும், அடுத்த வருடமும் வரும்.

கீலைக் கழற்றிக் கதவை நிமிர்த்தினேன். மறுமுனையை அப்பா பிடித்துக்கொள்ள, ஓரத்தை இழைத்தேன். ஈர மரத்தில்தான் அறுபடாத சீவல் வரும். மெல்லியதாகச் சீவிக் காட்டுகிறவர்கள் மரத்தை நனைத்துக்கொள்வதே அதற்காகத்தான். அன்றைக்கு வந்த சீவல் கதவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே துண்டு. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி எடுத்ததில்லை. அப்பா அதை ஜன்னல் கம்பிகளுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் அதன் வழியே வந்தது.

"அம்மாகிட்ட காட்டணும்டா" என்றார்.

"உள்ள போய் வச்சிருங்கப்பா. வந்து பாப்பாங்க."

கதவை மாட்டினேன். தோளால் அழுத்தியதும் நிலைக்குள் போய் உட்கார்ந்தது. தண்ணீர் தொட்டால் அது இன்னும் எவ்வளவு பருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இழைப்புளிகள் நனைந்தால் துருப்பிடிக்கும். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். லாரியிலிருந்து ரூபேந்திரன் கேட்டான்: "அப்பா எங்கடா?"

"முதல் லாரில போயிட்டாரு."

மீட்புப் படகில் போனவர்கள் கதவைத் தள்ளித் திறந்துதான் அவர் உடலை எடுத்தார்கள். வெள்ளத்தில் எல்லாக் கதவும் இறுகும் என்றார்கள். நீங்கள் வந்து பார்த்தபோது வெயிலில் காய்ந்து, உங்கள் விரலுக்கே திறந்தது. பூட்டில்லை, தாழ்ப்பாளில்லை. விபத்து என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அத்தோடு விட்டிருப்பேன்.

ஆனால் ஷர்மினி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "கதவுதான் பூட்டலையே. அப்பா ஏண்ணே வெளிய வரல?" ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் கேட்கும்போது சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவளிடம் சொல்லவும் முடியவில்லை. அதனால் உங்களிடம் வந்தேன்.

நீங்களே அவளுக்கு விளக்குங்கள். தண்ணீர் வருவது தெரிந்துதான் அவரை உள்ளே விட்டு மூடினேன், அவரால் இழுக்க முடியாது என்பதும் தெரியும் என்று சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: அண்ணன் கடைசிவரை பூட்டுப் போடவில்லை. உனக்குச் செய்த சத்தியத்தை அவன் மீறவில்லை.