நாற்பத்தெட்டு பாட்டில்களும் ஒரு சொட்டுக்குழலும்

இட்லி மாவு பொங்குவதற்கு ஃப்ரீமான்ட் அவ்வளவு நல்ல ஊர் இல்லை. அக்டோபர் வந்துவிட்டால் மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிட வேண்டும். என் மனைவி ராஜலக்ஷ்மிக்கு இது அத்துப்படி. காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வீட்டில் இருந்த பொருளைத்தான் நான் பயன்படுத்தினேன். வெளியிலிருந்து எதையும் வாங்கவில்லை.

என் பெயர் ராமசுப்ரமணியன். ஒரு சிப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். 1998-ல் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்தோம். திருமூர்த்தி கோயமுத்தூர்க்காரர். மில்பிடாஸில் அவர் வீட்டு கராஜில்தான் காய்ச்சுவோம். அடுப்பும் அவருடையது, கைப்பக்குவமும் அவருடையது. மணியன் குடிப்பதற்கு. சுத்தம் என் இலாகா.

பீர் பெரும்பாலும் பாட்டிலில் அடைக்கும்போதுதான் கெடும். கழுவிய பாட்டிலிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும். அதைக் கொல்ல எந்த சானிட்டைசரைப் போடுவது என்று ஆறு வாரம் ஆராய்ந்தேன். பிளீச் மலிவு, ஆனால் போட்ட பிறகு தண்ணீரில் அலச வேண்டும். அந்தத் தண்ணீரிலேயே மறுபடி கிருமி வரலாம். அயோடினை அலச வேண்டாம், ஆனால் கையும் குழாயும் பழுப்பேறிவிடும். மூன்றாவது, நுரைக்கிற அமிலம். இரண்டு நிமிடம் ஊறவைத்துக் கவிழ்த்தால் போதும். நுரை உள்ளேயே இருக்கட்டும், அதன் மேலேயே பீரை ஊற்றலாம். பதினோரு பக்க அறிக்கை எழுதி, இரண்டு வரைபடங்களோடு ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். திருமூர்த்தி முதல் பக்கத்தைப் படித்தார். மணியன் அதன் மேல் கிளாஸை வைத்தான்.

ஆனாலும் நுரைக்கிற அமிலம்தான் என்று முடிவாயிற்று. அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் கிரீன் கார்டு வந்தபோதுகூட மனசு அவ்வளவு நிறையவில்லை.

முதல் பீர் பிரமாதமாக வந்தது. மணியன் மூன்றாவது பாட்டிலைத் திறந்தபோது, திருமூர்த்தியின் மனைவி பர்வதம் பஜ்ஜித் தட்டோடு கராஜுக்கு வந்தார்.

"அன்னிக்கு பாட்டில்ல எல்லாம் நுரை அப்படியே நின்னுட்டு இருந்துச்சுங்ண்ணா. நீங்க போன் பேசப் போயிட்டீங்க. எனக்குப் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. நாந்தான் பைப்புல மூணு தண்ணி அலசி வெச்சேன்" என்றார், உதவி செய்த பெருமையோடு.

நம் வீடுகளில் நுரை நிற்கிற பாத்திரம் கழுவாத பாத்திரம். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் மணியனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"யோவ் ராமு, உன் பதினோரு பக்கமும் சாக்கடையில போயிடுச்சுய்யா!"

"விடுங்க ராமு, நல்லாத்தான இருக்குது" என்று திருமூர்த்தியும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு டிரைவ் பண்ணும்போது, ஃப்ரீவேயில் நான் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டி இரண்டு எக்ஸிட் போய்விட்டேன்.

அடுத்தது மணியனின் கிரீன் கார்டு பார்ட்டிக்கு. நாற்பத்தெட்டு பாட்டில். இந்த முறை சிங்க்குக்கு மேலே ஒட்டுவதற்காக, ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து 'அலசக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பர்வதம் சொன்ன பேச்சைக் கேட்பவர். இதைப் பார்த்தால் அலச மாட்டார். பீர் நன்றாக வரும். அலசினாலும் நல்ல பீர், அலசாவிட்டாலும் நல்ல பீர் என்றால் என் பதினோரு பக்கம் எதற்கு? யாராவது ஒரு தடவை நஷ்டப்பட்டால்தான் இவர்களுக்கு புத்தி வரும். பக்கத்தில் ராஜலக்ஷ்மி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். காமிரா பிலிம் வருகிற குட்டி டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக்குழல் ஒன்று வீட்டில் இருந்தது.

பாட்டிலுக்கு மூடி போடுவது என் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு மூடினேன். திருமூர்த்திக்கு ஊற்றுவதில் கவனம். மணியன் தனக்கு கிரீன் கார்டு வந்த கதையை நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பர்வதம் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர், அதன் பிறகு பாட்டில் பக்கமே வரவில்லை. அதற்கு நானே சாட்சி.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், திருமூர்த்தி வீட்டு பெட்ரூமில், துணி வைக்கும் கிளாசெட்டில் பாட்டில்கள் வெடிக்க ஆரம்பித்தன. இருட்டான இடம் என்று அங்கே அடுக்கியிருந்தார்கள். பீர் புளிக்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். மாவு பொங்கவும் செய்யும் என்பதை, வீட்டில் தினம் பார்த்தும், யோசிக்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். சூறைத் தேங்காய் போல ஒன்றன்பின் ஒன்றாக முப்பத்தொரு பாட்டில். யாருக்கும் காயமில்லை. பர்வதத்தின் முகூர்த்தப் பட்டு மட்டும் கீழ்த்தட்டில் இருந்தது.

"நீதானேய்யா குவாலிட்டில இருக்கே. ஏன் வெடிச்சுதுன்னு, ரூட் காஸை நீயே பாத்துச் சொல்லு" என்றான் மணியன். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வற்புறுத்தினார்கள்.

முறைப்படி எல்லோரையும் விசாரித்தேன். "இந்தத் தடவ நான் தொடவே இல்லீங்களேண்ணா" என்றார் பர்வதம்.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. பழக்கதோஷம்னு ஒண்ணு இருக்கில்லையா" என்றேன், அன்பாகத்தான்.

அரைமணி நேரம் யோசித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. "அலசியிருப்பேனாட்ட இருக்குதுங்ண்ணா" என்று சொல்லிவிட்டு அழுதார். அதன்படியே எழுதினேன். பதினான்கு பக்கம், காரணம், சானிட்டைசருக்குப் பின் குழாய்த் தண்ணீரில் அலசியது. இந்த முறை திருமூர்த்தி கடைசிப் பக்கம்வரை படித்தார். அதன் பிறகு ஒரு வாரம் மனைவியோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டு, நானே போன் பண்ணி, "பாவம், விடுங்க, தெரியாமப் பண்ணிட்டாங்க" என்று சமாதானம் சொன்னேன். என் பெருந்தன்மையை அவர் இன்றும் நாலு பேரிடம் சொல்கிறார்.

பர்வதம் இன்னொன்றும் சொன்னார். "கிளாசெட்டைத் தொடைக்கறப்ப புளிச்ச மாவு வாசம் அடிச்சுதுங்ண்ணா." மணியன் அதற்கும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பின்னிணைப்பில் 'தொடர்பற்றவை' என்ற தலைப்பில் அதைச் சேர்த்திருக்கிறேன். நேர்மையான அறிக்கை என்றால் எதையும் விட்டுவிடக் கூடாது.

இப்போது யாரும் பாட்டிலை அலசுவதில்லை. பர்வதம் கராஜுக்குள் வருவதில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த மாதம் சான் ஹோசேயில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் ஒரு பெரிய கிளப்பில் இந்த அனுபவத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாற்பத்தெட்டிலும் மாவு விட்டது நான்தான். நான் மறைக்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவில் தோய்ப்பதற்கு முன் அந்தச் சொட்டுக்குழலை நுரைக்கிற அமிலத்தில் முழுசாக இரண்டு நிமிடம் ஊறவைத்தேன். அலசவில்லை. என் கையால் அந்த பீரில் ஒரு அசுத்தமும் சேரவில்லை.