லோரன்ஸ் மாஸ்ரரின் சப்பாத்துப் பெட்டி

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் கனகசபை அண்ணை அவர்களே, ரண்டர்ஸ், சில்க்போர்க் என்று டென்மார்க்கின் பல ஊர்களிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. லோரன்ஸ் மாஸ்ரர் என் மகள் நிறோஷினிக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

போன மாசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி. மூன்றாம் மாடி யன்னலிலிருந்து முட்டையைப் போட வேண்டும், உடையக் கூடாது. அதற்குப் பெட்டி செய்ய வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவியாசிரியர் மாஸ்ரர்தானே! வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மாஸ்ரர், அவிச்சுக் குடுத்துவிடுறன். பிறகேன் பயம்?” என்றேன்.

“அக்கா, டெனிஸ்காரரை ஏமாத்தப் பாக்கிறியள்! பச்சையாப் போய்ப் பச்சையா இறங்க வேணும்” என்று சிரித்தார்.

நிறோஷினி சப்பாத்துப் பெட்டி நிறையப் பஞ்சை அடைத்தாள். பல்கனியிலிருந்து போட்டோம். உடைந்தது. இன்னும் இறுக்கினாள். அதுவும் உடைந்தது. மாஸ்ரர் பஞ்சையெல்லாம் வெளியே எடுத்தார். என் பழைய நைலோன் காலுறைக்குள் முட்டையை விட்டு, பெட்டியின் நடுவில் தொங்கும்படி இரண்டு பக்கமும் கட்டினார்.

“இறுக்கினா அடி நேர முட்டையிலை விழும், பிள்ளை. அசைய இடம் விடு.”

போட்டியில் அந்த முட்டை கீறலில்லாமல் இறங்கியது!

அசைய இடம்! அந்த மனிதருக்கு அதை யார் விட்டார்கள்? மனைவி மாக்கிரட்டையும் இரண்டு பிள்ளைகளையும் மன்னாரிலிருந்து கூப்பிட மனுப் போட்டு இரண்டு வருடம்! குண்டு விழாத நாட்டில் எங்களைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போகவும் முடியாது, பிள்ளைகளைக் கூப்பிடவும் முடியாது. எத்தனை கடிதம் எழுதினார்! எனக்கும் உங்களுக்கும் எழுதித் தந்தவரும் அவர்தானே! வியாழக்கிழமை பஸ் தரிப்பில் அந்த இதயம் நின்றுவிட்டது.

மனுப் போட்டவர் இறந்துவிட்டார், மனுவும் முடிந்தது என்கிறார்கள் குடிவரவு அலுவலகத்தில். முடிந்ததா? மாக்கிரட் தன் புருஷனின் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

அவர்களை அடக்கத்துக்காவது வரவிடுங்கள் என்று எங்கள் சங்கத்து ஸ்ரிபன் தம்பி, நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைக்க டெனிஸில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். “கையெழுத்து வைச்சால் எங்கடை பைலையும் கீழை போட்டிடுவாங்கள்” என்று வாசலில் கதைத்தது என் காதிலும் விழுந்தது. நான் குறை சொல்லவில்லை. என் புருஷனும் மகனும் யாழ்ப்பாணத்தில். என் மனுவும் அதே மேசையில்தான் கிடக்கிறது.

லோரன்ஸ் மாஸ்ரர் அவர்களே! நீங்கள் எங்களுக்காக எழுதினீர்கள். இனி நாங்கள் உங்களுக்காக எழுதுவோம். பதில் வரும்வரை எழுதுவோம்.

முதலாவது கையெழுத்தை நான் வைத்துவிட்டேன். பேனை வாசல் மேசையில் இருக்கிறது.