பதினாறாவது சுற்று

மேடையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் திருமதி கொன்சுவேலோ எர்மிதா அவர்களே, அருட்தந்தை பெனிக்னோ அவர்களே, மறைந்த நம் ஆட்ட ஆசிரியை மாயெஸ்த்ரா தொமித்திலா லாகுனெஸ் அவர்களின் மகள் ஹசிந்தா அவர்களே, சாம்பல் கொக்கு நாட்டார் ஆடற்குழுவின் ஆடுநர்களே, இசைக்காரர்களே, ஒன்பது நாளும் இந்தக் கூடத்துக்கு வந்து செபமாலை சொல்லி, தமாலும் காப்பியும் செய்து கொடுத்த தெருக்காரர்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்கு உரக்கப் பேச வராது. பின்வரிசையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு ஆண்டு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். எதையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால்தான் நாலு பேர் முன்னால் நிற்க முடிகிறது. இந்தத் தாளை மூன்று நாளுக்கு முன் எழுதினேன். முதலில் குறிப்புகளை மட்டும் வாசித்துவிடுகிறேன்.

1. மாயெஸ்த்ரா தொமித்திலா யார், இந்தக் குழுவை எப்படி உண்டாக்கினார்.
2. அவருடைய கண்டிப்பு. அதற்கு இரண்டு நிகழ்ச்சிகள்.
3. பெப்ரவரி இரண்டாம் தேதி மாலை அவர் பலகையிலிருந்து விழுந்தது, உடன் ஆடிய கிரிசாந்தோ மல்பிக்காவின் கால் பிசகியதால் என்பது.
4. இனி நாம் செய்ய வேண்டியது.

முதல் குறிப்புக்கு வருகிறேன்.

மாயெஸ்த்ரா தொமித்திலா யார்? சர்க்கரை ஆலையின் உணவுக்கூடத்தில் தட்டு கழுவியவர். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் கரும்பு ஏற்றும் பழைய படகு ஒன்றை ஆற்றங்கரையில் உடைத்தபோது, அதன் பலகைகளை எனக்குக் கொடுங்கள் என்று ஆலை மேலாளரிடம் போய் நின்றவர். எதற்கு என்று கேட்டாராம். "மிதிக்கிறதுக்கு" என்றாராம். அந்தப் பலகைகளில் செய்ததுதான் இதோ நமக்கு முன்னால் இருக்கும் இந்த ஆடுபலகை. நம் ஊரில் ஆடுகிறவர்களின் கால்தான் மத்தளம், அது விழும் தோல் இந்தப் பலகை. நாற்பத்தொரு ஆண்டில் எத்தனை குதிகால் இதில் இறங்கியிருக்கும்! எத்தனை ஆணி தேய்ந்திருக்கும்! இன்றைக்கு இதன்மேல் சுண்ணாம்புப் பொடியால் வரைந்த சிலுவை மட்டும் கிடக்கிறது. ஒன்பது நாளாக ஒரு காலும் இதில் படவில்லை. இந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

முதல் ஆண்டில் ஆட வந்தவர்கள் பதினொரு பேர். எல்லாரும் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வெள்ளைப் பாவாடையும் கறுப்பு முன்துணியும் பதினொரு பேருக்கும் அவரே தைத்தார். பிறகு இந்தக் குழு துறைமுகத்தில் ஆடியது, தலைநகரில் ஆடியது, எல்லையைத் தாண்டியும் போய் ஆடியது. நான் இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் என் சின்ன ஹராணாக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வாசலில் தயங்கி நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருய்யா நீ?"

"எவெலியோ. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். கொஞ்சம் ஹராணா மீட்டுவேன்."

"கணக்கு வாத்தியாரா? நல்லதாப் போச்சு. இங்க இருக்கிற எவனுக்கும் எண்ணத் தெரியல. உள்ள வா. வாசல்ல நின்னா கொசு கடிக்கும்."

அன்றைக்கே எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ஆட்டம் முடிய வேண்டிய நேரத்தில் இசைக்காரர்களில் ஒருவர் ‘ஒண்ணு!’ என்று கூவ வேண்டும். ஒண்ணு என்றால், இந்தச் சுற்றோடு சரி. சுற்று முடிந்ததும் எல்லா நரம்பும் நிற்கும், எல்லாக் காலும் நிற்கும். உரக்கப் பேச வராத எனக்கு அந்த ஒரு சொல்லைக் கூவும் வேலை. இருபத்தொன்பது ஆண்டும் அதைச் செய்தேன்.

இரண்டாவது குறிப்பு, அவருடைய கண்டிப்பு.

ஆறு ஊருக்குள் வந்த ஆண்டு உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். இந்தக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். பலகையைக் கட்டி நிறுத்தக் கயிறு தேடிக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டில் படுத்த படுக்கையாய் இருந்த தோஞ்ஞா சோலெதாதை மறந்தே போனோம். மாயெஸ்த்ரா மறக்கவில்லை.

"பலகை மிதக்குதுல்ல? அப்ப அவ மேல ஏறினா மட்டும் முங்கிருமா? தூக்கிட்டு வாங்கடா!"

கிழவியைத் தூக்கி வந்து இதன்மேல் உட்கார வைத்தோம். அவள் அலறினாள். "அடியே தொமித்திலா, நான் பொறந்ததுலேருந்து ஆடினதில்லடி! என்னைக் கொண்டுபோய்ப் பலகையில ஏத்துறியே!"

"ஆட வேணாம்டி. வாயை மூடிக்கிட்டு அசையாம உக்காரு. உனக்கு வராத வேலைதான், ஆனா இன்னைக்கு வந்துதான் ஆகணும்."

நெஞ்சளவு தண்ணீரில் ஆறு பேர் தள்ளிக்கொண்டே கோயில் மேட்டுக்குக் கொண்டுபோனோம். தோஞ்ஞா சோலெதாத் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு இருந்தாள்.

இரண்டாவது நிகழ்ச்சி தலைநகரத் திருவிழாவில் நடந்தது. எங்கள் முறை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அதிகாரி ஒருவர் வந்தார். நேரம் போதாது, இசைக்காரர்களை மேடையேற்றி ஒலிவாங்கி வைக்க முடியாது, ஒலிநாடா போடுகிறோம், அதற்கு ஆடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், அவருக்கும் அவசரம். மாயெஸ்த்ரா தலையில் சீப்புச் செருகிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சார், உங்க நாடாவுக்குக் கண்ணு இருக்கா?"

"கண்ணா? எதுக்கும்மா?"

"நான் காலைத் தூக்கினா பாக்கணும்ல? எனக்கு மூச்சு வாங்கினா தெரியணும்ல? இந்தா நிக்கிறாரே எங்க வாத்தியாரு, அவரு என் காலைப் பாத்துட்டே இருப்பாரு. நான் முடிச்சா அவரு முடிப்பாரு. உங்க நாடா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நாங்க என்ன, செத்து விழுற வரைக்கும் ஆடுறதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். எங்களுக்கு மேடையும் கிடைத்தது, ஒலிவாங்கியும் கிடைத்தது. இப்படி ஒரு தலைவி எத்தனை குழுவுக்குக் கிடைப்பாள்? தன் ஆட்டத்துக்காக அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. தன் இசைக்காரர்களை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. சாகும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான்காவது குறிப்பு. இந்தப் பலகை இந்தக் கூடத்திலேயே இருக்கும், சனிக்கிழமைப் பயிற்சி நிற்காது என்று குழு சார்பில் உறுதி கூறுகிறேன். ஹசிந்தா வரவுசெலவுப் பொறுப்பை...

ஆமாம் அம்மா. திருமதி எர்மிதா சொல்வது சரிதான், மூன்றாவதை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. இதோ வருகிறேன். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

மூன்றாவது குறிப்பு. பெப்ரவரி இரண்டாம் தேதி, கந்தலேரியா மாதா திருநாள் அன்று மாலை, ஆற்று ஊர்வலம் முடிந்து, சதுக்கத்தில் இந்தப் பலகையைப் போட்டு ஆடினோம். கடைசி உருப்படி நாடா முடிச்சு. நாலு ஆள் நீளமுள்ள சிவப்பு நாடாவைப் பலகையில் கிடத்தி, இரண்டு பேர் ஆடிக்கொண்டே காலாலேயே அதைப் பூமுடிச்சாகக் கட்டும் ஆட்டம். எழுபத்து மூன்று வயதில் மாயெஸ்த்ரா அதை ஆடினார். உடன் ஆடியவர் கிரிசாந்தோ. ஆலையில் பற்றவைப்பு வேலை பார்ப்பவர், பதினைந்து ஆண்டாக அவருடைய ஜோடி.

மறுநாள் குழுச் செயலாளர் என்ற முறையில் நான் ஓர் அறிக்கை எழுதினேன். நாலே வரி. முடிச்சு விழுந்தது. மாயெஸ்த்ரா ஒரு காலில் நின்றார். கிரிசாந்தோ மல்பிக்காவின் குதிகால் நாடாவின் தொங்கிய நுனியில் இறங்கியது. மாயெஸ்த்ரா பின்பக்கமாகச் சதுக்கத்துக் கல்லில் விழுந்தார். நாலு வரியிலும் பொய் கிடையாது. நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் ஹசிந்தா இன்று சிலுவை எடுப்பவர்களின் பட்டியலிலிருந்து கிரிசாந்தோவின் பெயரை அடித்தார். சற்றுமுன் அந்தப் பட்டியலை வாசித்தார், கேட்டீர்கள். ஒன்பதாம் நாளான இன்று இந்தச் சுண்ணாம்புச் சிலுவையை ஐந்து பேர் ஆளுக்கொரு பகுதியாக அள்ளி எடுக்க வேண்டும். தலை, வலக்கை, இடக்கை, நெஞ்சு, பாதம். ஆடுகிறவளின் சிலுவையில் பாதத்தை எடுப்பது அவளுடைய ஜோடி. அது வழக்கம். அந்த இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது.

பாதத்துக்கு என் பெயர்.

அவையோரே, என் அறிக்கையில் இல்லாத வரியைச் சொல்கிறேன். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் வர வேண்டிய வரி அது.

முடிச்சு விழுந்ததும் மாயெஸ்த்ரா காலணி நுனியால் அதைத் தூக்கிக் காட்டினார். அதுதான் முடிவு. அங்கேதான் நான் ‘ஒண்ணு!’ என்று கூவ வேண்டும். நான் கூவவில்லை. ஏன்? அன்றைக்கு முன்வரிசையில் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். தப்பு வந்துவிடக்கூடாது என்று பதினாறு சுற்று எனக் குறித்த அட்டை ஒன்றை என் முழங்காலில் வைத்திருந்தேன். இருபத்தொன்பது ஆண்டில் அட்டை வைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அவர் காலைத் தூக்கியது பதினாலாவது சுற்றில். வழக்கத்தைவிட இரண்டு சுற்று முன்னதாகவே அன்று முடிச்சு விழுந்துவிட்டது, அவ்வளவு நன்றாக ஆடினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. நான்தான் தவறாக எண்ணிவிட்டேனோ? கூவினால் எல்லார் முன்பும் தப்பாகிவிடுமோ? அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பார்த்தேன். அவருடைய உதடு அந்தச் சொல்லைச் சொன்னது. நான் குனிந்து அட்டையைப் பார்த்தேன்.

இசை நிற்கவில்லை. இசை நிற்காவிட்டால் ஆடுகிறவன் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆடுநரும் அதைச் சொல்வார்கள். ‘ஒண்ணு’ காதில் விழாமல் கால் நிற்கக்கூடாது. அது மாயெஸ்த்ரா போட்ட சட்டம். கிரிசாந்தோ அடுத்த திருப்பத்தை எடுத்தார். எடுக்க வேண்டிய இடத்தில், எடுக்க வேண்டிய தாளத்தில் எடுத்தார். அந்தக் குதிகால் அங்கே இறங்கியது பிசகினால் அல்ல. அந்த நேரத்தில் அந்த நாடா அங்கே தொங்கியிருக்கக் கூடாது. ஆட்டம் முடிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கொஞ்ச நேரம் அவருக்கு நினைவு தெளிந்தது. அப்போது நான் மட்டும்தான் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"வாத்தியாரே."

"சொல்லுங்க மாயெஸ்த்ரா."

"பதினாறு வந்துச்சா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி பேசவில்லை. ஏதோ மயக்கத்தில் கேட்கிறார் என்று ஹசிந்தாவிடம் சொன்னேன். அது மயக்கமா, கேலியா, மன்னிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான்தான் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

நாடாவுக்குக் கண்ணு இருக்கா என்று தலைநகரத்தில் கேட்டாரே, அந்த வாசகத்தை இந்தத் தாளில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்துத்தான். எழுதும்போது உறைக்கவில்லை. அன்று மாலை சதுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒலிநாடா நான்தான்.

நான்காவது குறிப்பைத் திருத்திச் சொல்கிறேன். பயிற்சி தொடரும். இசைக்காரர் பக்கம் இனி அட்டை, தாள் எதுவும் இருக்காது. ‘ஒண்ணு’ கூவும் வேலையை, ஆடுகிறவளின் காலைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒருவருக்குக் கொடுங்கள். என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள். புதிய அறிக்கையை இன்றே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். அதில் ஐந்து வரி இருக்கும். நகரமன்றம் அதன்மேல் என்ன செய்ய நினைத்தாலும் அது என்மேல் இருக்கட்டும்.

ஹசிந்தா, மகளே, என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காது. பார்க்க வேண்டாம். வாசலைப் பார். ஒன்பது நாளும் அங்கேயே நின்று செபத்தில் கலந்துகொண்டுவிட்டு, உள்ளே கால் வைக்காமல் திரும்பிப்போகிற ஆள் இன்றைக்கும் நிற்கிறார். அவருடைய ஆணி வைத்த காலணி இந்தப் பலகைக்கு அடியில் இருக்கிறது. மாயெஸ்த்ரா விழுந்த அன்று கழற்றி வைத்தது. யாரும் அதைத் தொடவில்லை, அவரும் கேட்டு வரவில்லை.

கிரிசாந்தோ, உள்ளே வாப்பா. வாசலில் நிற்க வேண்டாம். பாதம் உன்னுடையது. அதில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது.

பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன். இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை. என் மூன்றாவது குறிப்பு தவறு.