கல்நாருக் கயிறு சுத்துன வண்டி

— ஏலே இருளாண்டி, எதுக்குக் காலத் தூக்கித் தூக்கி வைக்கிறே? பலகை சுடுதா?

— சுடல சீனி பாய். பானெட் ஓரத்துல புகை வருது, பாருங்க. வண்டிய நிறுத்துங்க.

— நிறுத்தவா? நடுவழியில நிறுத்துனா தோத்துட்டேன்னு மண்டபம் ஸ்டாண்டு பூரா சொல்லத்தானே சாட்சின்னு ஏறி ஒக்காந்திருக்கே. புதுக்கயிறுலே. மொதச் சூட்டுல புகையத்தான் செய்யும்.

— போன மாசமும் இதத்தான் சொன்னீக. புதுமடம் விலக்குல வண்டி எரிஞ்சுச்சு.

— அது தேங்கா நார்க்கயிறு. புகைக்குழாய்ச் சூடு பெட்ரோலுக்கு ஏறாம இருக்க ஏதாச்சும் சுத்தணும்; தோணியில கயிறு கட்டிப் பழகுன கை, அதையே தேடுச்சு. மேல களிமண்ணப் பூசுனா போதும்னு நெனச்சேன். முட்டாத்தனந்தான். இது கல்நாரு, தீப்பிடிக்காது. ரயிலு இஞ்சினுல நீராவிக் குழாய்க்குச் சுத்துறது.

— நான் மதுரையிலேர்ந்து வெள்ளிப் பெயிண்டு வாங்கி அடிச்சேன். சூடு தாங்கும்னு டப்பாவுலேயே எழுதியிருக்கான்.

— எழுதுனவன் இந்த உப்புக்காத்துல வண்டி ஓட்டுனானா? ஒன் குழாயப் பாத்தேன், மீன் செதிலு மாதிரி உரிஞ்சு நிக்கிது.

— உரிஞ்சாலும் என் வண்டிதான் ரெண்டு வருசமா முத எடத்துல நிக்கிது. கொழும்புச் சவாரி எறங்குனா எனக்குத்தான். நீங்க கடைசியில நின்னு கருவாட்டுக்கூடை ஏத்துறீக.

— இன்னைக்கு வரைக்கும்.

— உச்சிப்புளி வரட்டும். பெட்ரோலு கொதிச்சு, ஈரச்சாக்கு போட எறங்கப் போறீக. பானெட்டுல ஸ்டாண்டுத் தலைவரு வச்ச அரக்கு முத்திரை ஒடைஞ்சா பந்தயம் முடிஞ்சுச்சு.

— உச்சிப்புளி பின்னால போயி பத்து நிமிசம் ஆச்சு. நீ புகையையே பாத்துக்கிட்டு வந்தே.

— கயிறு அவுந்துச்சுன்னா?

— எப்படி அவுரும்? ஊறவச்சு, ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏறுற மாதிரி சுத்துனது. காயக் காய இறுகும். ரெண்டு மொனையிலயும் கம்பி போட்டு முறுக்கியிருக்கேன்.

— கம்பி அந்துட்டா?

— அந்துபோற கம்பி இல்ல. எதுக்குக் கேக்குறே?

— சும்மாதான்.

— இந்தா, அரண்மனை வாசல். வண்டிய அணைச்சுட்டேன். பீடியப் பத்த வையி. அது முடியிற வரைக்கும் நிக்கணும், பெறகு ஸ்டார்ட்டர ஒரே அமுக்கு, வண்டி கெளம்பணும். அதானே சட்டம்?

— அதான். சூட்டுல நின்ன வண்டி எதுவும் லேசுல கெளம்பாது பாய். என் வண்டியே கெளம்பாது.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது.

— கேட்டியா சத்தத்த?

— கெளம்பிருச்சு.

— ஒரே அமுக்கு. அரக்கு அப்படியே இருக்கா, எறங்கிப் பாரு.

— இருக்கு. முத எடம் உங்களுக்குத்தான். ஆனா எப்படிப் பாய்? விடியக்காலையில நீங்க பள்ளிக்குத் தொழப் போனப்ப, அந்தக் கம்பிய நான்…

— சொல்லு.

— ரெண்டு மொனையிலயும் அறுத்துவிட்டேன்.

— தொழுதுட்டு வந்ததும் பாத்துட்டேன்லே. வேற கம்பி போட்டு முறுக்கிட்டு நேரா தலைவர்கிட்டப் போயி, சாட்சிக்கு இருளாண்டிதான் வேணும்னு நாந்தான் கேட்டு வாங்குனேன்.