பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு சட்டை

— பேரு எழுதிட்டேன், குவார்ட்டர்ஸ் நம்பர் எழுதிட்டேன், எங்க வீட்டுக்காரர் பதவியும் எழுதிட்டேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதை இப்போதைக்குப் போடறதா இல்ல.

— ஒன்பது நாளாச்சுக்கா. அந்தப் பக்கத்து வீட்டுல அவங்க பாரத்துல அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. உங்க கையெழுத்தும் இருந்தாத்தான் ஆபீஸ்ல என் தையல் விண்ணப்பத்தை வாங்குவாங்க. இன்னிக்கு நாலு மணிதான் கெடு.

— இல்லன்னா?

— இல்லன்னா நாளைக்குத் தையல் மிஷினை வீட்டை விட்டு எடுத்துடணும். மறுபடி ஒரு புகார் வந்தா வீட்டையே காலி பண்ணச் சொல்லுவாங்க.

— புகார்னா என் மூஞ்சியை ஏன் பாக்குற? நான் ஒண்ணும் எழுதிப் போடல. போட நினைச்சேன், அது வேற.

— பரவால்லக்கா. நான் உங்களைச் சொல்லல.

— அனுமதி வாங்காம மிஷினை ஓட்டினது யாரு? பட்டாளத்து ஆளுங்க எல்லார் யூனிஃபார்மும் உன் வீட்டுக்குத்தான் வருது. வாசல்ல எப்பப் பாரு நாலு ஜோடி பூட்ஸ். நான் வீட்டுல முடி வெட்டறேன்னு கேட்டப்ப, தண்ணி அதிகம் போகும்னு ஒரே வரியில முடியாதுன்னுட்டாங்க. உனக்கு மட்டும் எல்லாம் வழி விடுது.

— எங்கக்கா வழி விடுது? விண்ணப்பத்துக்குக் கட்டணம், தீயணைப்பு ஆள் வந்து பாக்க ஒரு கட்டணம், இன்சூரன்ஸ் தனி. முதல் பாரத்துல வீட்டு நம்பரை அடிச்சு எழுதினதுக்கே திருப்பிட்டாங்க. அடித்தல் திருத்தல் இருந்தா வாங்க மாட்டாங்களாம். புதுசுக்கு மறுபடி கட்டினேன். இவ்வளவும் பண்ணி, நாளைக்கே மாத்தல் வந்தா இந்த அனுமதி இங்கயே செத்துடும். போற ஊர்ல முதல்ல இருந்து ஓடணும்.

— ஓடு. உனக்கென்ன, வீட்டுக்காரர் கேம்ப்ல. கேக்க ஆளில்ல.

— அப்படின்னா என்னக்கா?

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொல்லிடுங்க. மனசுல வச்சுக்கிட்டு ஒன்பது நாளா என்னை அலைய விடுறீங்க.

— சரி, கேக்கறேன். செவ்வாய்க்கிழமை உன் கொடியில எங்க வீட்டுக்காரர் சட்டை என்ன பண்ணிச்சு?

— எல்லார் சட்டையும்தான் வருது.

— காலர்ல சிவப்பு நூல்ல குறி போட்டிருக்கு. அது என் கை. பீரோவுல ரெண்டு சட்டை காணோம். கேட்டா, ஸ்டோர்ல மாத்தக் குடுத்திருக்கேன்னார். துவைக்கிறவ நான், தேய்க்கிறவ நான். காயப் போடறவ மட்டும் நீயா?

— தையல் வேலைக்குத்தான் குடுத்தார்.

— சின்னதாக் கிழிஞ்சாலும் நான்தான் தைப்பேன். இன்னொண்ணும் கேக்கறேன். தினம் ஆறரைக்கு என் வாசல் வழியா வெளியே போற மனுஷன், சுத்திக்கிட்டு வந்து உன் பின்வாசல்ல ஏன் நுழையறார்? மாடியில இருந்து என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பத்து நிமிஷம். ஒரு நாள் பன்னிரண்டு.

— மணி பாத்தீங்களா?

— பாத்தேன். வயிறு எரிஞ்சுது, பாத்தேன்.

— தப்பா எதுவும் இல்லக்கா. என் பிள்ளை மேல ஆணை.

— பிள்ளையை இழுக்காதே. என்ன விஷயம்னு சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்.

— அண்ணன் சொல்லக் கூடாதுன்னார்.

— அதுதான். எங்கிட்ட சொல்லாதது உங்கிட்ட இருக்கு. என் புருஷனோட ரகசியம் உன் வீட்டுப் பின்கட்டுல இருக்கு. இதுக்கு நான் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். தர மாட்டேன். ஆட்சேபணை உண்டுன்னே எழுதறேன். காரணம் கேட்டிருக்கானே, கீழ மூணு கோடு விட்டு. ‘புருஷன் ஊர்ல இல்லாத வீட்டுக்கு விடியக்காலை ஆம்பளைங்க வர்றாங்க.’ மூணு கோடு போதும்.

— அக்கா, அதை எழுதினா மிஷின் மட்டும் போகாது.

— தெரியும்.

— பேனாவைக் கீழ வைங்க. இருங்க, வரேன்.

— எங்க போற?... என்ன பை இது?

— பிரிச்சுப் பாருங்க. நான் வாயைத் திறந்து எதுவும் சொல்லல.

— அவர் சட்டைதான். நல்லாத்தானே இருக்கு. இதுல என்ன தைச்சே?

— அன்னிக்கு நீங்க காலரை மட்டும்தான் பாத்தீங்க. இப்பக் கையைப் பாருங்க.

— ரெண்டு பதவிப் பட்டைதான் இருக்கு. மூணாவது?

— வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க.

— தைக்க மறந்துட்டியா?

— அந்த இடத்துல துணி மட்டும் கருப்பா இருக்கு பாருங்க. பட்டைக்கு அடியில வெயில் படல. மத்த துணியோட சேரட்டும்னு தினம் நனைச்சுக் காயப் போடறேன். ரெண்டு சட்டை, மாத்தி மாத்தி. இன்னும் நிறம் ஒத்து வரல.

— நீ பிரிச்சியா?

— கொண்டு வந்து குடுத்தார். ஸ்டோர் ரூமைப் பூட்டாம விட்டுட்டாராம். பதவியைக் குறைச்சு ஆர்டர் வந்து பதினேழு நாளாச்சு.

— தினம் மூணு பட்டையோடதானே கிளம்பறார். நான்தானே தேய்ச்சுக் குடுக்கறேன்.

— அதோட யூனிட் கேட்டுக்குள்ள போக முடியாதுக்கா. எங்க பின்கட்டுல மாத்திக்கிட்டுப் போறார். சாயங்காலம் வந்து மறுபடி மூணு பட்டைச் சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்கு வரார். நான் அந்த நேரம் முன்பக்கம் போய் நின்னுக்குவேன்.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— மூணாவது பட்டை வந்த அன்னிக்கு நீங்க வீடு வீடாப் போய்ச் சொன்னீங்களாம். சொன்ன பேச்சை எப்படிடா திரும்ப வாங்கறதுன்னு புலம்பினார்.

— அந்தப் பட்டையை நான்தான் கையால தைச்சேன்.

— தெரியும்க்கா. ரெட்டை நூல் போட்டிருந்தீங்க. பிரிக்க ரொம்ப நேரமாச்சு.

— மணி என்ன?

— மூணு.

— இன்னொரு பாரம் வச்சிருக்கியா? இதுல நான் சார்ஜென்ட்டுன்னு பெரிசா எழுதிட்டேன். அடிச்சு எழுதினா வாங்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே.