ஏணி கேட்ட ஒரு வார்த்தை

என் தங்கை கணவருக்குச் செருப்பு வாங்குவதுதான் எங்கள் குடும்பத்தில் பெரும்பாடு. கடைக்காரர் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, "ரெண்டு ஜோடியை ஒண்ணாச் சேர்த்துத் தைச்சுடலாமா சார்?" என்பார். இவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லோருக்கும் முன்னால் சிரிப்பது இவராகத்தான் இருக்கும்.

கூடைப்பந்து ரசிகர்கள் அவரை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். முன்கள ஆட்டக்காரர். கூடைக்கு அடியில் அவர் எழும்பினால் எதிரணிக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர் என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயரில் எனக்கும் பங்கு உண்டு ஐயா. அணியின் மருத்துவர் நான்தான். முழங்கால் வீங்கி வருவார். ஊசி போடுவேன். இறங்கி ஆடுவார்.

கடைசி வருடம் எடுத்த ஸ்கேனில் மூட்டெலும்பில் விரிசல் தெரிந்தது. வெறும் வீக்கம் என்று சொல்லிவிட்டேன். இறுதி ஆட்டம் நெருங்கியிருந்தது. நிர்வாகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட வேண்டும் என்ற வெறி அவருக்கும் இருந்தது. கோப்பை வந்தது, கால் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு குளியலறைக்குப் போகவே என் தங்கை தோள் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் அவருடைய விலா உயரம்தான். அறுவை சிகிச்சையும் கைகொடுக்கவில்லை. வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். மகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் மட்டும் முகம் கழுவி, தலைவாரி உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் அவருடைய சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றிக் கௌரவிக்க முடிவு செய்தார்கள். இனி அந்த எண்ணை வேறு யாரும் அணிய முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டு தைத்துக்கொண்டேன்.

விழாவன்று பிற்பகல், உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சக்கர நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஆபரேஷன் பண்ணின டாக்டர், விரிசல் ரொம்பப் பழசுன்னு சொல்றார் மச்சான். நீங்க அதைப் பாக்கலையா? இல்ல, பாத்தும் சொல்லலையா?"

"இன்னைக்குப் போய் அதெல்லாம் எதுக்கு?"

"கோபமில்ல மச்சான். தெரியாமலே பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, கெஞ்சிக் கேக்கறேன். பாக்கலைன்னா இத்தோட விட்டுடறேன். பாத்திருந்தா நான் இன்னைக்கு மைக்ல சொல்லியாகணும். இப்ப ஆடுற பசங்களுக்கும் நீங்கதானே ஊசி போடறீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த உள்ளங்கைக்குள் என் கை காணாமல் போனது. 

"முதல்ல வலிக்கு ஊசி போட்டுக்குங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார்.

மருந்தின் அளவை நான் தெரிந்தேதான் கூட்டினேன். கை தவறிவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். தொழிலில் என் கை ஒருநாளும் தவறியதில்லை.

"சொல்லுங்க மச்சான்" என்றார் நாக்குக் குழற. கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, தலை சரியாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அன்று மாலை, அவர் இல்லாமலே சட்டை மேலே ஏறியபோது அரங்கமே எழுந்து நின்று அழுதது. யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லாமல் நிறைவாகப் போய்விட்டார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். "கடைசி நிமிஷத்துல நீயாவது கூட இருந்தியேண்ணா" என்று தங்கை என் தோளில் விழுந்தாள். அவர் பெயருக்கு ஒரு களங்கமும் வரவில்லை. அந்த அளவில் என் கடமையைச் செய்தேன்.

'பார்க்கவில்லை' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பாரே என்கிறீர்கள். வீட்டு மனிதர்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை ஐயா.